எறும்பு யாருக்குச் சொந்தம்? (குளவிக் குடும்பத்தின் கதை)



"பி.காம். படிக்கிற ஆளுக்குக் குளவியோடு என்ன வேலை?" என்று வகுப்பில் சிலர் கேட்பது இங்கே வரை கேட்கிறது. வேலை இருக்கிறது. சொத்து யாருக்குப் போகும், யார் யாருக்குப் பங்காளி, பழைய பேரேட்டில் விழுந்த பிழை புதுப் பேரேட்டிலும் எப்படித் தொடர்ந்து வரும், இதெல்லாம் நம் பாடம்தானே? பூச்சிகளின் பரிணாம வரலாறும் கிட்டத்தட்ட இதே பாடம்தான். கொஞ்சம் நீளமான கட்டுரை. டீ ஒன்று பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆவடி - பூந்தமல்லி சாலையை ஒட்டிய எங்கள் பருத்திப்பட்டில் ஏரி இருக்கிறது, ஏரிக்கரையில் ஈரமண் இருக்கிறது. ஈரமண் இருந்தால் குளவிக் கூடும் இருக்கும். ஜன்னல் மூலை, மீட்டர் பெட்டி, பரண், சாமி படத்தின் பின்பக்கம் என்று எங்கேயும் பார்க்கலாம். உற்றுப் பார்த்தால் இரண்டு மாதிரிக் கூடுகள் தெரியும். ஒன்று, விரல் விரலாக மண் குழாய்களை ஒட்டி, மேலே மொத்தமாகப் பூசிவிட்ட கட்டி. இன்னொன்று, கழுத்து வைத்த குட்டிச் சட்டி. பொம்மைச் சொப்பு மாதிரி அழகாக இருக்கும். இரண்டையும் கட்டுகிறவருக்கு நாம் வைத்திருப்பது ஒரே பெயர்: மண்குளவி.

தோப்பில் பெரிய கூடு கட்டிக் கூட்டமாக வாழ்ந்து, கலைத்தால் துரத்தித் துரத்திக் கொட்டுவது கதண்டு. சில ஊர்களில் கடந்தை என்பார்கள். சர்க்கரை டப்பாவில் வரிசை கட்டுவது எறும்பு. தண்ணீர்த் தொட்டியின் அடியில் அடை தொங்கவிடுவது தேனீ.

கேள்வி இதுதான். குழாய்க் கூட்டு மண்குளவி, சட்டிக் கூட்டு மண்குளவி, கதண்டு, எறும்பு, தேனீ. இந்த ஐந்து பேரில் யார் யாருக்கு நெருங்கிய சொந்தம்? பெயரை வைத்துச் சொன்னால் முதல் மூன்றும் ஒரு வீடு, எறும்பு தனி வீடு, தேனீ தனி வீடு. இந்த விடை தவறு. எங்கே தவறு என்று முழுதாகத் தெளிவதற்கு 250 வருடங்களுக்கு மேல் ஆனது. கடைசி முடிச்சு அவிழ்ந்தது 2013-ல்தான். அந்தக் கதையில் நம் மெட்ராஸுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

விடுபட்ட பதிவு

மேலே போகும் முன் நம் ஊர் நம்பிக்கை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். குளவி ஒரு பச்சைப் புழுவைப் பிடித்துவந்து, கூட்டுக்குள் வைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடுமாம். குருவிடம் இருந்து இருந்து சீடனும் குருவாகிவிடுவான் என்பதற்கு இதை உவமையாகச் சொல்வது வழக்கம்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் கணக்குப் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஆரம்ப இருப்பு: உள்ளே ஒரு புழு. இறுதி இருப்பு: வெளியே ஒரு குளவி. இரண்டுமே சரியாகப் பார்த்து எழுதியவை! நடுவில் ஒரு பதிவுதான் விடுபட்டுவிட்டது. குளவி அந்தப் புழுவை விஷத்தால் செயலிழக்கச் செய்து, கூட்டில் ஒரு முட்டையும் இட்டு, வாயை அடைத்துவிட்டுப் போகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழு, உள்ளே இருக்கும் அந்தக் கெடாத சாப்பாட்டைத் தின்று வளர்ந்து குளவியாகி வெளியே வருகிறது. மாறியது வேறு, சாப்பிடப்பட்டது வேறு.

இன்னொரு விஷயம். சட்டிக் கூட்டுக் குளவிதான் புழு பிடிக்கும். குழாய்க் கூட்டுக் குளவி பிடிப்பது சிலந்தி. ஒரே சுவர், ஒரே மண், ஆனால் சமையல் வேறு. இந்தச் சின்ன வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

மெட்ராஸ் பெயர் கொண்ட குளவி

1758-ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் உயிரினங்களை வகைப்படுத்தியபோது குளவி, தேனீ, எறும்பு எல்லாவற்றையும் ஒரே வரிசையில் சேர்த்து 'ஹைமினாப்டிரா' என்று பெயர் வைத்தார். சவ்வு போன்ற இறக்கை உடையவை என்று பொருள். (எறும்புக்கு ஏது இறக்கை என்று கேட்பவர்கள், முதல் மழைக்குப் பிறகு டியூப்லைட்டைச் சுற்றும் ஈசல்களுக்கு நடுவே கவனித்துப் பார்க்கவும். ஈசல் கரையான் சாதி. கூடவே இறக்கை வைத்த எறும்புகளும் பறக்கும்.)

லின்னேயஸின் மாணவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் கிறிஸ்டியன் ஃபெப்ரீஷியஸ். புரசைவாக்கம் பள்ளியின் பெயரில் இருக்கும், தமிழ் அகராதி தொகுத்த பாதிரியார் ஃபெப்ரீஷியஸ் வேறு, இவர் வேறு. இந்தப் பூச்சி ஃபெப்ரீஷியஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் உலகின் பல மூலைகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூச்சிகளைப் பார்த்து ஆயிரக்கணக்கில் பெயர் வைத்தார். 1781-ல் அவர் பெயர் வைத்த ஒன்றுதான், நம் வீட்டுச் சுவரில் குழாய்க் கூடு கட்டும் கறுப்பு மஞ்சள் மண்குளவி. இன்று அதன் முழுப் பெயர் 'ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம்'. ஆமாம், மதராஸ்பட்டினமேதான்! ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்டது. குளவி மாற்றிக்கொள்ளவில்லை. :-)

அடுத்து வருபவர் தாமஸ் காவர்ஹில் ஜெர்டன். எடின்பரோவில் மருத்துவம் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக 1836-ல் மெட்ராஸ் வந்து இறங்கியவர். நெல்லூர், தலச்சேரி என்று பல ஊர்களில் வேலை பார்த்தார். பறவை ஆர்வலர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். 1862-க்கும் 1864-க்கும் இடையில் இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். ஆனால் அதற்குப் பத்து வருடத்துக்கும் முன்னால் அவர் குனிந்து தரையைப் பார்த்திருக்கிறார். 1851-ல் தென்னிந்தியாவின் எறும்புகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அது வெளிவந்தது 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' என்ற இதழில். நடத்தியது மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், டி.பி.ஐ. வளாகம் என்று நாம் சொல்லிப் பழகிய இடத்தில், சிவப்புக் கட்டடத்தில் இருக்கிற பழைய நூலகம் இவர்களுடையதுதான்.

அந்தப் பட்டியலில் ஒரு விசித்திர எறும்பு இருக்கிறது. பெரிய கண்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அரிவாள் மாதிரித் தாடை. இரையைக் கண்ணால் பார்த்து, எட்டிக் குதித்துப் பிடிக்கும். ஜெர்டன் வைத்த பெயர் 'ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர்'. அரிவாள்தாடைக் குதிப்பான் என்று நாம் தமிழ்ப்படுத்திக்கொள்ளலாம். இந்த எறும்பை மறந்துவிடாதீர்கள். 159 வருடம் கழித்து மறுபடி வரப்போகிறது.

ஒரே யூனிஃபார்ம் போட்டால் சொந்தமா?

பெயர் வைத்தாயிற்று. உறவு கண்டுபிடிப்பது எப்படி? 1859-ல் டார்வின் வந்து, எல்லா உயிரும் ஒரே வம்சமரத்தின் கிளைகள் என்று சொன்ன பிறகு இந்தக் கேள்வி பெரிதானது. ஆனால் கையில் இருந்த ஒரே கருவி கண்தான். இறக்கை நரம்பு, கால் முள், இடுப்பு, கொடுக்கு என்று பூச்சியின் உடம்பை அளந்து அளந்து உறவு சொன்னார்கள்.

இதில் ஒரு சிக்கல். ஒரே வேலை செய்பவர்கள் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் காலை ஷிப்டுக்குப் போகும் கூட்டத்தைப் பாருங்கள். ஒரே நீலச் சட்டை போட்டிருப்பதால் எல்லோரும் அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியுமா? பூச்சியிலும் இப்படித்தான். 'வெல்வெட் எறும்பு' என்று ஒன்று இருக்கிறது. இறக்கை இல்லாமல், உடம்பெல்லாம் பட்டு மாதிரி முடியோடு தரையில் ஓடும். பார்த்தால் எறும்பு. ஆனால் அது குளவி. பெண்ணுக்கு மட்டும் இறக்கை இல்லை, அவ்வளவுதான்.

எறும்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு நல்ல தடயம் 1967-ல் வெளியானது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மரப்பிசின் கல்லுக்குள் (ஆம்பர் என்போமே, அது) ஏறத்தாழ 9 கோடி வருடம் பழைய எறும்பு ஒன்று அகப்பட்டது. ஈ.ஓ. வில்சனும் இரண்டு சக ஆய்வாளர்களும் அதற்கு 'ஸ்பெகோமிர்மா' என்று பெயர் வைத்தார்கள். குளவி எறும்பு என்று அர்த்தம். பாதி உடம்பு குளவி மாதிரி, பாதி உடம்பு எறும்பு மாதிரி. எறும்பின் முன்னோர் குளவி என்பது உறுதியாயிற்று.

சரி, எந்தக் குளவி? அதில்தான் தகராறு. உடம்பமைப்பை வைத்துப் பார்த்தவர்களில் பலர், கதண்டு இருக்கும் வெஸ்பிட் குடும்பத்துக்குப் பக்கத்தில் எறும்பை உட்கார வைத்தார்கள். கூட்டமாக வாழ்கிறது, ராணி இருக்கிறது, வேலைக்காரிகள் இருக்கிறார்கள், பொருத்தமாகத்தான் தோன்றியது. ஆனால் யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

காப்பி அடித்தால் மாட்டுவது எப்படி

இங்கேதான் ஜீனோம் வருகிறது. ஜீனோம் என்றால் ஒரு உயிரின் மொத்த மரபணுப் புத்தகம். நான்கே எழுத்துகள், அவை கோடிக்கணக்கில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தலைமுறை தலைமுறையாக இதைப் பார்த்து எழுதும்போது அங்கங்கே எழுத்துப்பிழை விழும். விழுந்த பிழை அடுத்த பிரதியிலும் தொடரும்.

இதை வைத்து உறவு எப்படித் தெரியும்? தேர்வில் இரண்டு பேருடைய விடைத்தாள் ஒன்றாக இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு பேரும் சரியான விடை எழுதியிருந்தால் எந்த மேற்பார்வையாளரும் எதையும் நிரூபிக்க முடியாது. இரண்டு பேரும் நன்றாகப் படித்திருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் ஐந்தொகையில் ஒரே இடத்தில் ஒரே தப்பான தொகையை எழுதியிருந்தால்? முடிந்தது கதை. :-) ஒரு தப்பு தற்செயலாகக்கூட ஒத்துப்போகலாம். ஆயிரம் தப்புகள் ஒத்துப்போகாது.

குளவி இடுப்பும் கூர்மையான தாடையும் சரியான விடைகள் மாதிரி. வேலைக்குப் பொருத்தமானவை என்பதால் தனித்தனியாகவே வரலாம். ஜீனோமில் பரவிக் கிடக்கும் சின்னச் சின்ன எழுத்து மாற்றங்கள் தப்பான விடைகள் மாதிரி. அவை ஒத்துப்போனால் இரண்டு பேரும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவர்கள், அதாவது ஒரே மூதாதையின் வாரிசுகள்.

இந்த வரிசையில் முதலில் படிக்கப்பட்டது ஐரோப்பியத் தேனீயின் ஜீனோம், 2006 அக்டோபரில். 2010 ஜனவரியில் 'நாசோனியா' என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி, மூன்று இனங்கள் ஒன்றாக. அதே 2010 ஆகஸ்டில் முதன்முறையாக இரண்டு எறும்புகள். ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா கட்டெறும்பு. இன்னொன்று யார் தெரியுமா? நம் ஜெர்டனின் அரிவாள்தாடைக் குதிப்பான்! மெட்ராஸ் இதழில் 1851-ல் பெயர் பெற்ற எறும்பு, 2010-ல் 'சயின்ஸ்' இதழில் ஏறியது. அதன் புத்தகத்தில் சுமார் 33 கோடி எழுத்துகள். நம்முடையதில் சுமார் 300 கோடி.

குடும்ப அட்டை

புத்தகங்கள் சேரச் சேர ஒப்பிடுவது சாத்தியமானது. 2013-ல் கலிஃபோர்னியாவின் பிரையன் ஜான்சன் குழு, கொட்டும் குளவிகள், எறும்புகள், தேனீக்கள் ஆகியவற்றின் ஏராளமான மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு: எறும்புக்கு நெருங்கிய பங்காளி கதண்டு இல்லை. தேனீக்களும், தேனீக்களுக்கு உறவான வேட்டைக் குளவிகளும் சேர்ந்த கூட்டம்தான்.

இப்போது பருத்திப்பட்டுச் சுவருக்குத் திரும்புங்கள். சிலந்தி பிடிக்கும் குழாய்க் கூட்டுக் குளவி, அதாவது மதராஸ்பட்டானம், அந்தத் தேனீக் கூட்டத்தைச் சேர்ந்தது. புழு பிடிக்கும் சட்டிக் கூட்டுக் குளவி கதண்டின் வீட்டைச் சேர்ந்தது. பக்கத்தில் பக்கத்தில் ஒரே மண்ணில் வீடு கட்டியிருக்கிற இரண்டு மண்குளவிகளும் தூரத்துச் சொந்தம். நம் மதராஸ்பட்டானம் குளவிக்கு அடுத்த சுவரில் இருக்கும் மண்குளவியைவிட, சர்க்கரை டப்பா எறும்பு நெருங்கிய சொந்தம்!

ஆக "குளவி" என்பது ஒரு குடும்பத்தின் பெயரே அல்ல. அது ஒரு வாழ்க்கை முறையின் பெயர். அந்தப் பெரிய குளவிக் குடும்பத்திலிருந்து ஒரு கிளை இறக்கையைக் குறைத்துக்கொண்டு மண்ணுக்குள் போயிற்று, அது எறும்பு. இன்னொரு கிளை மாமிசத்தை விட்டுவிட்டு மகரந்தம் சாப்பிட ஆரம்பித்தது, அது தேனீ. சைவத்துக்கு மாறிய குளவிதான் தேனீ என்று சொன்னால் தப்பில்லை. 2018-ல் வந்த ஓர் ஆய்வு, தேனீக்களுக்கு மிக நெருங்கிய உறவு இலைப்பேன்களை வேட்டையாடும் பொடிக் குளவிகள் என்று காட்டியது. பூவில் இலைப்பேன் தேடிப் போன இடத்தில் மகரந்தம் ருசித்துவிட்டது போல!

2017-ல் இன்னும் பெரிய ஒப்பீடு ஒன்று வந்தது. 173 பூச்சி இனங்கள், 3,256 மரபணுக்கள். அதன்படி இந்த மொத்த ஹைமினாப்டிரா வம்சம் கிளைவிடத் தொடங்கியது சுமார் 28 கோடி வருடங்களுக்கு முன். டைனோசர்களுக்கும் முன்னால். தொடக்கத்தில் எல்லோரும் இலை தின்றவர்கள். பிறகு ஒரு கிளை மற்றப் பூச்சிகளின் மேல் முட்டையிட்டுப் பிழைக்கக் கற்றது. அதன் வாரிசுகளில் ஒரு பிரிவில் முட்டையிடும் குழல் கொடுக்காக மாறியது. அதனால்தான் ஆண் குளவிக்கும் ஆண் தேனீக்கும் கொட்டத் தெரியாது. கொட்டுவதெல்லாம் பெண்கள். (வகுப்பில் யாரும் இதை வைத்து ஜோக் அடிக்க வேண்டாம்.)

ஜீனோம் காட்டிய இன்னொரு வினோதம் உண்டு. தோட்டத்தில் ஒரு புழுவின் முதுகில் வெள்ளை அரிசிமணி மாதிரிக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பிரக்கோனிட் வகைக் குளவியின் வேலை. இந்தக் குளவிகளில் சில, முட்டையோடு சேர்த்து வைரஸ் போன்ற துகள்களையும் புழுவுக்குள் செலுத்தும். புழுவின் நோய் எதிர்ப்பு அடங்கிப்போகும். அந்தத் துகளை எங்கிருந்து வாங்குகிறது? எங்கிருந்தும் இல்லை. சுமார் 10 கோடி வருடங்களுக்கு முன் ஒரு மூதாதைக் குளவியைத் தொற்றிய வைரஸ், குளவியின் மரபணுப் புத்தகத்திலேயே தங்கிவிட்டது. இது 2009-ல் உறுதியானது. எதிராளியின் கம்பெனியைத் தன் கம்பெனியோடு இணைத்துக்கொண்டு, அவனுடைய சரக்கையே தன் பெயரில் தயாரிப்பது மாதிரி.

முக்கால் பங்கும் கூட்டு வியாபாரமும்

இனி வம்சமரத்தைவிடப் பெரிய கேள்வி. ஒரு வேலைக்கார எறும்பு ஏன் தனக்கென்று பிள்ளை பெறாமல் ராணியின் பிள்ளைகளை வளர்த்துச் சாகிறது? தனக்கு வாரிசு வைக்காத குணம் எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகும்?

1964-ல் வில்லியம் ஹாமில்டன் ஒரு பங்குக் கணக்கு சொன்னார். இந்தப் பூச்சிகளில் ஆண், கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பவன். அவனிடம் ஒரே ஒரு செட் மரபணுதான். ஆகவே அக்கா தங்கை எல்லோருக்கும் அப்பாவிடமிருந்து வருவது அச்சு அசல் ஒன்றேதான். அம்மா பக்கம் பாதி ஒத்துப்போகும். கூட்டினால் சகோதரிகளுக்குள் முக்கால் பங்கு. சொந்த மகளோடு அரைப் பங்குதான். மகளைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம்!

அழகான கணக்கு. ஆனால் கணக்கு அழகாக இருந்தால் மட்டும் போதாது, தணிக்கை வேண்டும். அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர். தென்னிந்தியாவில் சாதாரணமாகக் கிடைக்கும் 'ரோபலிடியா மார்ஜினேட்டா' என்ற காகிதக் குளவியைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். அதன் ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறது. ராணியும் அடிக்கடி மாறுகிறது. ஆகவே கூட்டில் இருப்பவர்களுக்குள் அந்த முக்கால் பங்கு நிற்பதில்லை. அரைப் பங்கை ஒட்டியோ அதற்கும் கீழோ இறங்கிவிடுகிறது. அப்படியும் அவை வேலை செய்கின்றன.

ஏன்? 1990-ல் கடக்கர் சொன்ன காரணங்களில் ஒன்று நம் வகுப்பில் எல்லோருக்கும் புரியும். தனியாகக் கூடு கட்டும் குளவி பாதியில் செத்தால் அத்தனை உழைப்பும் வீண். கூட்டில் இருப்பது செத்தால், அது பாதி வளர்த்த குஞ்சை மற்றவை வளர்த்து முடிக்கும். தனியுரிமை வியாபாரம், கூட்டு வியாபாரம் இரண்டுக்கும் முதலாம் ஆண்டில் எழுதிய வேறுபாடுகளை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டு வாழ்க்கைக்கு என்று தனி மரபணு ஒன்று இருக்கிறதா? 2015-ல் பத்துத் தேனீ இனங்களின் ஜீனோம்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்படி ஒரே ரகசிய மரபணு அகப்படவில்லை. கூட்டு வாழ்க்கை பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, ஒவ்வொன்றும் தன் வழியில். பொதுவாகத் தெரிந்தது, மரபணுக்களை எப்போது திறப்பது எப்போது மூடுவது என்ற கட்டுப்பாடு நுணுக்கமாகிக்கொண்டே போனது.

ஜெர்டனின் எறும்பு செய்யும் வேலை

திறப்பது மூடுவது என்றேனே, அதற்காகத்தான் 2010-ல் ஜெர்டனின் எறும்பைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலான எறும்புகளில் வேலைக்காரி என்றால் சாகும் வரை வேலைக்காரிதான். இந்த எறும்பில் ராணி செத்துவிட்டால், வேலைக்காரிகள் உணர்கொம்பால் ஒருவரையொருவர் தட்டித் தட்டிப் போட்டி போடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல்கூட நடக்கும். ஜெயித்த சிலர் ராணி மாதிரி முட்டையிட ஆரம்பிக்கிறார்கள். சுமார் ஏழு மாத ஆயுள் நான்கு வருடம் வரை நீள்கிறது. மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. (வெளியே போய் வேட்டையாட வேண்டாமே!)

இதில் மரபணுப் புத்தகத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதுதான் மாறியது. முதுமையோடு தொடர்புள்ள சில மரபணுக்கள் முட்டையிடுபவர்களிடம் அதிகமாக வேலை செய்வதை 2010-லேயே கண்டார்கள். 2021-ல் இன்னும் ஒரு படி. முட்டையிடும் நிலையிலிருந்து இறக்கப்பட்டால், அந்த எறும்பு மறுபடி வேலைக்காரியாகிறது, சுருங்கிய மூளை மறுபடி வளர்கிறது. 2022-ல் ஆயுளின் கணக்கும் கொஞ்சம் தெளிந்தது. முட்டையிட இன்சுலின் சமிக்ஞை அதிகமாக வேண்டும். சாதாரணமாக அது ஆயுளைக் குறைக்கும். இந்த எறும்பின் சினைப்பை ஒரு புரதத்தைச் சுரந்து, இன்சுலினின் அந்த ஒரு விளைவை மட்டும் தடுத்துவிடுகிறது. வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி உள்ள நம் ஊரில் இன்சுலின் என்றதும் எல்லோரும் காது கொடுப்பார்கள். ஆனால் இது எறும்பின் கணக்கு, மருந்து இல்லை.

கொட்டக் கொட்டப் புழு குளவியாவது நடக்காத காரியம். ஆனால் தட்டித் தட்டியே வேலைக்காரி ராணியாவது நடக்கிறது, அதுவும் நம் தென்னிந்தியக் காட்டில். எறும்பைப் பார்த்து மனிதர்களுக்குப் பாடம் எடுக்க எனக்கு விருப்பம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். "அது மரபணுவிலேயே இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அதற்கு "மாறவே மாறாது" என்று அர்த்தம் இல்லை. பிறப்பைக் காட்டி ஒருவருக்கு இவ்வளவுதான் என்று எழுதுகிறவர்கள், ஜீனோமைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் இருப்பது நல்லது.

பெயர் தெரிந்தால் பிழைப்பு

சரி, இதனால் நாலு காசு உண்டா? வணிகவியல் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகப் பதிவானது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டில் வேகமாகப் பரவியது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. இந்தப் பூச்சி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது என்று இனம் தெரிந்ததால், அதன் மேல் முட்டையிடும் குளவி எது என்றும் தெரிந்தது. 2010-ல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூருவுக்கு வரவழைத்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. மாவுப்பூச்சி அடங்கியது. முக்கிய வேலை செய்த 'அசிரோஃபேகஸ் பப்பாயே' ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது.

இந்த ஒட்டுண்ணிக் குளவிகள் ஆள் பார்த்துத்தான் அடிக்கும். பூச்சியின் பெயரில் தப்பு நேர்ந்தால் வரவழைக்கும் குளவியும் தப்பு, செலவும் வீண். இந்த இடத்தில்தான் ஜெர்டன் மாதிரி ஆட்களின் அருமை தெரிகிறது. ஜீனோம் எவ்வளவு பெரிய இயந்திரத்தில் படிக்கப்பட்டாலும், "இது யாருடைய புத்தகம்?" என்று அட்டையில் எழுத ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர், யாரோ ஒருவர் குனிந்து தரையைப் பார்த்து எழுதிய பட்டியலிலிருந்துதான் வரும். உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட ஹைமினாப்டிராவே ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெயர் இல்லாதவை இன்னும் ஏராளம். எங்கள் ஏரி 2019-ல் பசுமைப் பூங்கா ஆனதிலிருந்து கேமராவோடு பறவை பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். அதே கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கினால் கரை மண்ணை உருண்டை பிடித்துக்கொண்டிருக்கும் மதராஸ்பட்டானம் கண்ணில் படலாம்.

கடைசியாக இரண்டு விஷயம். கதண்டுக் கூட்டைக் கண்டால் வீரம் காட்டாமல் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். உயிர் போன சம்பவங்கள் உண்டு. ஆனால் சுவரில் தனியாக வீடு கட்டும் மண்குளவி, கையில் பிடித்து நசுக்கினால் தவிர அநேகமாகக் கொட்டாது. அதைத் தீ வைத்தோ மண்ணெண்ணெய் ஊற்றியோ விரட்ட வேண்டிய அவசியம் இல்லை. அது கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று விட்டுவைத்த பாட்டிமார்கள், காரணம் எதுவாக இருந்தாலும், நல்ல முடிவுதான் எடுத்தார்கள்.

இரண்டாவது, ஒரு வேண்டுகோள். மண்குளவியை வேட்டாளி என்றும் சில ஊர்களில் சொல்கிறார்கள். குழாய்க் கூட்டுக்கும் சட்டிக் கூட்டுக்கும் தனித்தனிப் பெயர் உங்கள் ஊரில் இருக்கிறதா? ஜீனோம் பிரித்துக் காட்டியதை நம் ஊர்க் கிழவி யாராவது முன்பே பிரித்துப் பெயர் வைத்திருந்தால் தெரிந்துகொள்ள ஆசை. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.